மூடப்பட்ட ஆலையும் முடிக்கப்படாத கணக்கும்

ஆண்டுதோறும் வணிக இதழ்கள் நாட்டின் முன்னணி நிறுவனங்களை வரிசைப்படுத்தி வெளியிடுகின்றன. எண்ணெய்ச் சுத்திகரிப்பு, மின் உற்பத்தி, எஃகு, சிமெண்ட், வாகனம், உணவு, குளிர்பானம் எனத் துறைவாரியாகப் பெயர்கள் அடுக்கப்படுகின்றன. விற்றுமுதல், இலாபம், சந்தை மதிப்பு, நிறுவுதிறன் ஆகியவை அவ்வரிசையின் அளவுகோல்கள். மேலாண்மையியல் மாணவர்கள் இப்பட்டியல்களை மனப்பாடம் செய்கின்றனர். பொருளியல் ஆய்வேடுகள் அவற்றிலிருந்தே மாதிரிகளைத் தெரிவு செய்கின்றன. இந்த அளவுகோல்களில் பொய் ஏதுமில்லை. எனினும் அவை யாவும் நிறுவனத்தின் ஏட்டிலிருந்து எடுக்கப்பட்டவை. ஆலை நின்ற ஊரிலும் ஓர் ஏடு உண்டு. கிணற்று நீரின் மட்டம், நிலத்தின் விளைச்சல், இழந்த கூலி, மருத்துவச் செலவு என்று அதில் பதிய வேண்டியவை பல. பட்டியல் தயாரிப்பவரின் மேசைக்கு அந்த ஏடு ஒருபோதும் வருவதில்லை.

அவ்வாறு வராமல் போன ஏடுகளில் ஒன்று பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கெல்லையில் கிடக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து மேற்கே கோவிந்தாபுரம் சோதனைச் சாவடியைக் கடந்தால் முதலமடை ஊராட்சி. ஆனைமலைத் தொடரின் அடிவாரத்தில் மாந்தோப்புகளால் பெயர்பெற்ற பகுதி அது. தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் புழங்கும் பகுதியும்கூட. அதை அடுத்துள்ள பெருமாட்டி ஊராட்சியில் பிளாச்சிமடை இருக்கிறது. இரவாளர், மலசர் முதலிய பழங்குடியினரும், பிறர் நிலத்தில் கூலி வேலை செய்யும் குடும்பங்களும், சிறு விவசாயிகளும் வாழும் வட்டாரம். பாலக்காட்டுக் கணவாயின் இப்பகுதி கேரளத்தின் பிற பகுதிகளைக் காட்டிலும் மழை குறைந்தது. இங்கே விவசாயம் கிணற்றையும் வாய்க்காலையும் நம்பியே நடக்கிறது.

உலகின் முன்னணிக் குளிர்பான நிறுவனமான கோக்கோ கோலாவின் இந்தியத் துணை நிறுவனம், 2000ஆம் ஆண்டில் இங்கே ஏறத்தாழ 34 ஏக்கர் நிலத்தில் ஆலையைத் தொடங்கியது. ஓரிரு ஆண்டுகளுக்குள் அண்டைக் குடியிருப்புகளின் கிணறுகளில் நீர் குறைந்ததாகவும், இருந்த நீரும் சமைக்கவோ குடிக்கவோ உதவாத அளவுக்குக் கெட்டதாகவும் மக்கள் முறையிட்டனர். 2002 ஏப்ரல் 22 அன்று ஆலையின் வாயிலெதிரே பந்தலிட்டு அவர்கள் தொடங்கிய போராட்டத்தைப் பழங்குடியினர் தலைவர் சி. கே. ஜானு தொடங்கி வைத்தார். இரவாளர் சமூகத்தைச் சேர்ந்த மயிலம்மா அப்போராட்டத்தின் முகமாக அறியப்பட்டார். 2003 ஜூலையில் பிபிசி வானொலி நிகழ்ச்சி ஒன்று, உரம் என்று சொல்லி விவசாயிகளுக்கு வழங்கப்பட்ட ஆலைக் கழிவில் காட்மியமும் ஈயமும் இருப்பதை ஆய்வகச் சோதனையின் துணையோடு வெளிப்படுத்தியது. அதன் பின்னரே பிளாச்சிமடை உலகச் செய்தியாயிற்று.

பெருமாட்டி ஊராட்சி 2003இல் ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. அதே ஆண்டு டிசம்பர் 16 அன்று நீதிபதி கே. பாலகிருஷ்ணன் நாயர் வழங்கிய தீர்ப்பு, நிலத்தடி நீர் பொதுமக்களுக்கு உரிய சொத்து, அரசு அதன் அறங்காவலர் மட்டுமே என்ற கொள்கையை முன்வைத்தது. 2005 ஏப்ரலில் இருவர் அமர்வு வேறு கருத்துக் கொண்டது. நிலத்துக்கு உரியவர் நியாயமான அளவில் நீர் எடுக்கலாம் என்று கூறி, வல்லுநர் குழுவின் அறிக்கையின் அடிப்படையில் நாளொன்றுக்கு 5 இலட்சம் லிட்டர் வரை அனுமதித்தது. அதற்குள் ஆலை நின்றுவிட்டிருந்தது. வறட்சியை முன்னிட்டு மாநில அரசு விதித்த தடையை அடுத்து 2004 மார்ச்சில் உற்பத்தி நிறுத்தப்பட்டது. பின்னர் அது மீளத் தொடங்கவேயில்லை. மயிலம்மா 2007இல் காலமானார். பிளாச்சிமடையில் மீண்டும் உற்பத்தி செய்யும் எண்ணம் இல்லை என்று 2017இல் நிறுவனம் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்ததோடு வழக்கும் முடிந்தது. 2023இல் நிலமும் கட்டடமும் கேரள அரசிடம் ஒப்படைக்கப்பட்டன.

பெரும்பாலான நூல்களிலும் வகுப்பறைகளிலும் கதை இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. சமூகவியல் துறைகள் இதை மக்கள் இயக்கத்தின் வெற்றியாகக் கற்பிக்கின்றன. மேலாண்மைத் துறைகளோ, ஒரு பெருநிறுவனம் தன் நற்பெயருக்கு நேர்ந்த நெருக்கடியை எவ்வாறு கையாண்டது, எங்கே தவறியது என்பதற்கான எடுத்துக்காட்டாக வைக்கின்றன. இவ்விரு பாடங்களும் ஒன்றுக்கொன்று எதிரானவைபோல் தோன்றினாலும், ஆலை மூடப்பட்டதோடு செய்தி முடிந்தது என்பதில் உடன்படுகின்றன. இயக்கத்தின் பக்கம் நிற்பவருக்கு அது இனிய முடிவு. நிறுவனத்தின் பக்கம் நிற்பவருக்கு அது கடந்துபோன கசப்பு. இரண்டிலும் விடுபட்டுப் போவது ஒரு தொகை: 216.26 கோடி ரூபாய்.

அத்தொகையின் வரலாறு நீதிமன்றக் கதைக்குப் பின்னர் தொடங்குகிறது. ஆலையால் விளைந்த இழப்புகளை மதிப்பிடக் கேரள அரசு, கூடுதல் தலைமைச் செயலராக இருந்த கே. ஜெயகுமார் தலைமையில் உயர்நிலைக் குழு ஒன்றை அமைத்தது. விவசாய இழப்பு, நீர்நிலைகள் மாசடைந்தமை, குடிநீரை வெளியிலிருந்து கொண்டுவரும் செலவு, உடல்நலக் கேடு, இழந்த கூலி ஆகியவற்றைத் தனித்தனியே கணக்கிட்டு, மொத்த இழப்பை மேற்கண்ட தொகையாக 2010இல் அக்குழு மதிப்பிட்டது. ஒவ்வொரு குடும்பத்தின் கோரிக்கையையும் விசாரித்து இழப்பீடு வழங்கத் தனித் தீர்ப்பாயம் அமைக்கும் சட்ட முன்வடிவைக் கேரளச் சட்டமன்றம் 2011 பிப்ரவரி 24 அன்று நிறைவேற்றியது. அது குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு அனுப்பப்பட்டது. ஒப்புதல் கிடைக்கவில்லை. தீர்ப்பாயம் அமையவில்லை. மதிப்பிடப்பட்ட தொகை அறிக்கையிலேயே தங்கிவிட்டது.

இந்த மதிப்பீட்டை நிறுவனம் ஏற்கவில்லை. தன் ஆலையால் நீர் கெட்டது என்ற குற்றச்சாட்டைத் தொடக்கம் முதலே அது மறுத்து வந்தது. 2002 முதல் 2004 வரை பருவமழை பொய்த்ததும், இருவர் அமர்வு நீரெடுப்பை நியாயமானது என்று கண்டதும் அதன் தரப்பு வாதங்களுக்கு வலுச் சேர்ப்பவை. ஒரு குழுவின் மதிப்பீடு நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்ட உண்மைக்கு ஈடாகாது என்பதும் சரியே. இவ்வளவையும் ஏற்றுக்கொண்டு பார்த்தால், தீர்ப்பாயம் எவ்வளவு இன்றியமையாதது என்பது இன்னும் தெளிவாகிறது. எந்தக் கிணறு வறட்சியால் வற்றியது, எது ஆலையால் வற்றியது, எந்த வயலில் கழிவு கொட்டப்பட்டது, எந்தக் குடும்பம் எத்தனை நாள் கூலியை விட்டுத் தண்ணீருக்காக நடந்தது என்பவற்றை இருதரப்புச் சான்றுகளையும் வைத்துத் தீர்மானிக்கும் இடம் அதுவாகத்தான் இருந்திருக்க முடியும். அது அமையாததால் மக்களுக்கு இழப்பீடும் கிடைக்கவில்லை. நிறுவனம் குற்றமற்றது என்ற முடிவும் கிடைக்கவில்லை.

தனித் தீர்ப்பாயம் எதற்கு, 2010ஆம் ஆண்டின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் இருக்கிறதே என்பது மத்திய அரசின் தரப்பில் எழுப்பப்பட்ட தடைகளுள் ஒன்று. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இவ்வாதம் நாட்காட்டியைப் புரட்டினால் நிலைகுலைகிறது. அச்சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, இழப்பீட்டுக்கான காரணம் முதன்முதலில் தோன்றிய நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள்கள் மட்டுமே கிடைக்கும். பசுமைத் தீர்ப்பாயம் செயற்பாட்டுக்கு வந்தது 2010 அக்டோபரில். பிளாச்சிமடை ஆலை நின்றது 2004 மார்ச்சில். இழப்புக்கான காரணம் தோன்றியதோ அதற்கும் முன்னர். தீர்ப்பாயத்தின் கதவு திறக்கப்பட்டபோதே இவ்வூருக்குரிய காலம் கடந்துவிட்டிருந்தது. இழப்பு உண்டு, உரிமையும் உண்டு, முறையிடும் இடம் மட்டும் இல்லை என்ற நிலையில் ஓர் ஊர் இருபது ஆண்டுகளைக் கடந்துவிட்டது.

இதே வட்டாரத்தில் நீரைக் கணக்கிடும் பழக்கம் இல்லாமலில்லை. பரம்பிக்குளம் – ஆழியாறு உடன்படிக்கை 1970இல் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே கையெழுத்தானது. சித்தூர்ப் பகுதிக்கு மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 ஆயிரம் மில்லியன் கன அடி நீர் வந்து சேர வேண்டும் என்று அது வரையறுக்கிறது. அந்த அளவில் சிறிது குறைந்தாலும் இரு மாநிலப் பொறியாளர்களும் கூடிப் பேசுகின்றனர். அமைச்சர்கள் கடிதம் எழுதுகின்றனர். வாய்க்காலில் ஓடும் நீருக்கு இத்தனை காவல். மண்ணுக்கடியில் இருக்கும் நீரோ நீண்ட காலமாக நிலவுடைமையாளரின் துணைப்பொருளாகவே சட்டத்தால் கருதப்பட்டு வந்தது. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்திலேயே இக்கருத்துக்கு வேர் உண்டு. ஏக்கர் கணக்கில் நிலம் வாங்கக்கூடியவர் அடுத்தவர் கிணற்று ஊற்றையும் சேர்த்து வாங்கியவராகிறார். நிலமற்ற கூலிக் குடும்பத்துக்கு அந்த நீரில் பங்கு கேட்க எந்தப் பட்டாவும் இல்லை.

பெருநிறுவனங்கள் நீரைப் பற்றிப் பேசாமலும் இல்லை. தன் பானங்களில் பயன்படும் நீரின் அளவுக்கு ஈடான நீரை இயற்கைக்குத் திருப்பித் தருவதை 2007இல் கோக்கோ கோலா தன் உலகளாவிய இலக்காக அறிவித்தது. அவ்விலக்கைக் குறித்த காலத்துக்கு முன்னரே எட்டிவிட்டதாக 2016இல் கூறியது. அத்திட்டங்களில் நன்மை விளைந்த இடங்கள் இருக்கலாம். ஆனால் கரியமில வாயுவின் கணக்கை உலகு தழுவிப் போடுவதுபோல் நீரின் கணக்கைப் போட இயலாது. ஒரு கண்டத்தில் வெளியேறிய வாயுவும் மற்றொரு கண்டத்தில் குறைக்கப்பட்ட வாயுவும் ஒரே வளிமண்டலத்தில் கலக்கின்றன. வேறொரு நாட்டில் புதுப்பிக்கப்பட்ட ஏரியின் நீர் பெருமாட்டியின் கிணற்றில் ஊறுவதில்லை. நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் வரவும் செலவும் சமமாகிவிட, ஊரின் ஏட்டில் செலவு மட்டும் எஞ்சுகிறது.

இந்தியப் பங்குச் சந்தை ஒழுங்காற்று வாரியமான செபி, சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களிலுள்ள பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் தங்கள் சமூக, சுற்றுச்சூழல் பொறுப்புகள் குறித்த அறிக்கையை 2022–23 நிதியாண்டு முதல் கட்டாயம் வெளியிட வேண்டும் என்று விதித்துள்ளது. எந்த மூலத்திலிருந்து எவ்வளவு நீர் எடுக்கப்பட்டது என்ற விவரமும் அதில் இடம்பெறுகிறது. ஆய்வாளர்களுக்கு இது பெரும் வாய்ப்பு. எனினும் கட்டாயப் பகுதியில் தரப்படும் எண் நிறுவனம் முழுமைக்குமான கூட்டுத்தொகை. பல மாநிலங்களில் பரவிய ஆலைகளின் நீரெடுப்பு ஒரே எண்ணில் கரைந்துவிடுகிறது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனங்களுக்கோ இவ்விதி பொருந்துவதே இல்லை. பிளாச்சிமடை ஆலையை நடத்திய துணை நிறுவனம் அத்தகையதே. இன்று அதுபோன்ற ஆலை ஒன்று இயங்கினாலும் அது எடுக்கும் நீரின் அளவு இந்த அறிக்கைகளில் தென்படாது.

பிளாச்சிமடையைத் தனித்த விதிவிலக்காகக் கருத இடமில்லை. கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவர் நடத்திய வெப்பமானி ஆலை பாதரசக் கழிவு வெளிப்பட்டதை அடுத்து 2001இல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் உடன்பாடு எட்டப்பட்டது 2016இல். இடையில் 15 ஆண்டுகள். காசர்கோட்டில் கேரளத் தோட்டக் கழகத்தின் முந்திரித் தோட்டங்களில் வான்வழி தெளிக்கப்பட்ட எண்டோசல்பானால் பாதிக்கப்பட்டோருக்குத் தலா 5 இலட்சம் ரூபாய் வழங்குமாறு 2017இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது கேரள அரசுக்கு. முதலில் செலுத்த வேண்டியது அரசின் கருவூலம். உற்பத்தியாளரிடம் வசூலிப்பது அதற்குப் பிந்திய பேச்சு. முதலமடை மாந்தோப்புகளிலும் அதே பூச்சிக்கொல்லியின் பயன்பாடு குறித்துப் புகார்கள் எழுந்ததை இவ்வட்டாரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். ஆலைகளும் நஞ்சுகளும் வேறுபடுகின்றன. ஆனால் இலாபம் உடனுக்குடன் கணக்கிடப்படுவதும், இழப்பு பதினைந்து, இருபது ஆண்டுகள் காத்திருப்பதும், இறுதியில் அதை மக்களோ அரசோ சுமப்பதும் எங்கும் ஒன்றாகவே இருக்கின்றன.

பெரிய நிறுவனம் பெரிய பொறுப்பை ஏற்க வேண்டும் என்பது இந்தியச் சட்டத்துக்குப் புதிதன்று. தில்லி ஸ்ரீராம் ஆலையில் நிகழ்ந்த ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் 1986 டிசம்பரில் தலைமை நீதிபதி பி. என். பகவதி தலைமையிலான அமர்வு, இழப்பீட்டின் அளவு நிறுவனத்தின் பருமனையும் செலுத்தும் ஆற்றலையும் ஒட்டி அமைய வேண்டும் என்று வகுத்தது. தூத்துக்குடி ஸ்டெர்லைட் வழக்கில் 2013 ஏப்ரலில் 100 கோடி ரூபாய் விதித்தபோது உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் இலாபத்தைக் கணக்கில் கொண்டது இக்கொள்கையின் வழியில்தான். ஆகவே ‘முன்னணி’ என்ற சொல்லுக்கு வணிக இதழ்கள் தரும் பொருளோடு சட்டம் தரும் பொருளும் ஒன்று உண்டு. வரிசையில் எவ்வளவு முன்னால் நிற்கிறதோ, ஒரு நிறுவனம் அவ்வளவு கூடுதலாகச் செலுத்தக் கடமைப்பட்டது. இரண்டாவது பொருள் பாடநூல்களில் ஏறவில்லை.

அதை நடைமுறையாக்க வழிகள் உள்ளன. இந்தியாவில் சுரங்கக் குத்தகை பெறுவோர், சுரங்கத்தை முறையாக மூடுவதற்கான நிதி உறுதியைத் தொடக்கத்திலேயே அளிக்க வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருக்கிறது. பேரளவில் நிலத்தடி நீரை எடுக்கும் ஒவ்வோர் ஆலைக்கும் அதே விதியை விரிவுபடுத்தலாம். உரிமம் வழங்கும்போதே வைப்புத்தொகை பெறப்பட வேண்டும். உற்பத்தி தொடங்குமுன் சுற்றியுள்ள கிணறுகளின் மட்டமும் நீரின் தரமும் ஊராட்சியின் முன்னிலையில் பதிவு செய்யப்பட வேண்டும். ஆலை வெளியேறும் நாளில் அதே கிணறுகள் மீண்டும் அளக்கப்பட்ட பிறகே வைப்புத்தொகை விடுவிக்கப்பட வேண்டும். பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 5 ஆண்டுக் கெடு, மெல்லப் பரவும் மாசுக்கும் வற்றும் ஊற்றுக்கும் பொருந்துமாறு திருத்தப்பட வேண்டும். இவற்றுள் முதன்மையானது முதல் அளவீடு. பிளாச்சிமடையில் வாதம் இத்தனை ஆண்டுகள் நீண்டதற்கு, ஆலை வருமுன் கிணறுகள் எப்படி இருந்தன என்பதற்கு இருதரப்பும் ஏற்கும் பதிவேடு இல்லாததும் ஒரு காரணம்.

இது பழங்கதை குறித்த விவாதம் என்று கருதுவோர் அதே மாவட்டத்தின் எலப்புள்ளியைப் பார்க்கலாம். அங்கே எத்தனாலும் மதுவகைகளும் தயாரிக்கும் ஆலைக்கு 2025 ஜனவரியில் கேரள அமைச்சரவை முதற்கட்ட அனுமதி அளித்தது, ஊராட்சி எதிர்த்தது. எதிர்ப்பின் மையத்தில் இருந்தது நீர். பெட்ரோலில் கலக்கும் எத்தனால் எரிசக்தித் தற்சார்பின் பெயரால் நாடெங்கும் ஊக்குவிக்கப்படும் காலம் இது. வருங்காலத்தின் முன்னணி எரிசக்தி நிறுவனங்களுள் சில இத்தகைய ஆலைகளிலிருந்து எழக்கூடும். அவை நீரை எங்கிருந்து எடுக்கும் என்ற கேள்வியோடு, வெளியேறும்போது யாருக்கு எதைச் செலுத்திவிட்டுச் செல்லும் என்ற கேள்வியும் அனுமதிக் கோப்பிலேயே விடை காண வேண்டும்.

பல்கலைக்கழகங்களுக்கு இதில் தனிக் கடமை உண்டு. பிளாச்சிமடை குறித்து ஆங்கிலத்தில் வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகள் ஏராளம். நீதிமன்றம் ஆங்கிலத்தில் பேசியது. மாநில அரசு மலையாளத்தில் எழுதியது. கிணற்றை இழந்தவர்களில் பலர் தமிழிலும், தமிழை ஒட்டிய தங்கள் பேச்சிலும் பேசினர். இம்மூன்றையும் ஒருசேர வாசிக்கக்கூடியவர்கள் பாலக்காட்டிலும் கோவையிலும் பொள்ளாச்சியிலும் படிக்கும் எல்லைப்புற மாணவர்களே. ஊராட்சித் தீர்மானங்கள், கிணற்று நீர் அளவீடுகள், மருத்துவமனைப் பதிவுகள், முதியோர் நினைவுகள் ஆகியவற்றை மூப்பும் இறப்பும் கொண்டுபோகுமுன் தொகுப்பது அவர்களால் இயலும். என்றேனும் ஒரு தீர்ப்பாயம் அமைந்தால் அதன் முன் வைப்பதற்கு அந்தத் தொகுப்பு வேண்டும்.

முன்னணி நிறுவனங்களைப் பற்றி ஆய்வேடு எழுதப் புகும் மாணவர் விற்றுமுதலை எடுத்துக்கொள்ளட்டும், இலாபத்தையும் எடுத்துக்கொள்ளட்டும். அவற்றோடு இன்னொரு நிரலையும் அட்டவணையில் சேர்க்க வேண்டும்: மூடப்பட்ட ஆலைகள் எத்தனை, அவற்றின் மீது மதிப்பிடப்பட்ட இழப்பு எவ்வளவு, செலுத்தப்பட்டது எவ்வளவு. பிளாச்சிமடைக்கு நேரே முதல் எண் 216.26 கோடி, இரண்டாவது எண் சுழியம். ஆலை மூடி இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தச் சுழியம் மாறவில்லை. அதை மாற்றும் அதிகாரம் தில்லியிலும் திருவனந்தபுரத்திலும் இருக்கிறது. அது சுழியம் என்பதை மறக்கவிடாமல் எழுதிவைக்கும் பொறுப்பு ஆய்வுலகத்துக்கு இருக்கிறது.